கேட்காமல் அணைத்த சூடம்

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று சொன்னபோதே, என்ன எழுத வேண்டும் என்பதையும் ஒரு காகிதத்தில் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். மலரை அச்சிடும் பொறுப்பை ஏற்றிருக்கும் சித்தப்பா மகனின் கையெழுத்து அது. எனக்குத் தம்பி முறை. "அக்கா சாந்தமே உருவானவர். அதிர்ந்து பேசாதவர். யார் மனமும் நோகாமல் நடந்தவர். தெய்வ பக்தி மிக்கவர்" என்று நான்கு வரி. அதற்குக் கீழே கோடு போட்டு ஐந்தாவதாக ஒன்று: "அந்தச் சூட வழக்கு வேண்டாம். சம்பந்தி வீட்டார் கையிலும் மலர் போகும்."

நான்கு வரிகளில் முதல் மூன்றும் பொய். நான்காவது பாதி உண்மை. ஐந்தாவதுக்கு நான் கட்டுப்படப் போவதில்லை. மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்கவும் மாட்டேன். அக்கா யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அக்கா சாந்தமானவர் அல்லர். கோபக்காரர். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுவார், கூடினாலும் தள்ளுவார். வாய்தா கேட்டுவிட்டு வராத வக்கீலை அடுத்த முறை நிற்க வைத்தே கேள்வி கேட்பார். கல்யாணம், காதுகுத்து என்று பத்திரிகை வைத்தால் வாழ்த்துத் தந்தி வருமே தவிர அக்கா வர மாட்டார். போன இடத்தில் யாராவது ஒரு வழக்கைப் பற்றிக் காதில் போட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைக் கர்வம் என்றார்கள். கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கர்வப்பட ஆண்களுக்கு மட்டும்தான் பட்டா கொடுத்திருக்கிறதா என்ன?

அக்கா பிறந்தது அன்னவாசலில். அப்பா புதுக்கோட்டை சமஸ்தானக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. நாள் முழுவதும் பிறர் எழுதிய தீர்ப்புகளைப் பார்த்து எழுதிவிட்டு, மாலையில் விரல்களை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு, அன்றைக்கு எழுதிய வழக்கை எங்களுக்குக் கதையாகச் சொல்வார். நான் பாதியில் தூங்கிவிடுவேன். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "அது தப்புத் தீர்ப்புப்பா" என்பார். அப்பா ஒருநாளும் அதட்டியதில்லை. "ஏன் தப்புன்னு சொல்லு பாப்போம்" என்பார். அக்கா சட்டம் படித்தது அந்த வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்தில்தான். மதராசுக்குப் போனது பட்டம் வாங்கிவர.

அவர் மதராசில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவில் ஒரு பகுதியானது. அப்பாவின் உத்தியோகம் நிற்குமா நிற்காதா என்று வீடே கலங்கியிருந்த நேரம். "மூத்தவளைக் கூட்டியாந்து ஒருத்தன் கையில புடிச்சுக் குடுங்க" என்று சொல்லாத உறவில்லை. அப்பா எல்லாருக்கும் தலையை ஆட்டினார். அக்காவை மட்டும் கூட்டி வரவில்லை.

படித்துவிட்டு வந்தவரை ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள புதுக்கோட்டையில் ஆள் இல்லை. பொம்பளையை வைத்தால் கட்சிக்காரன் வரமாட்டான் என்றார்கள். சேர்த்துக்கொண்டவர் ஒருவர்தான். பெயர் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். ஊரில் ராவுத்தர் வக்கீல் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவரிடமும் போய் இதையே சொன்னார்களாம். "எங்கிட்ட வர்ற கட்சிக்காரனுக்கு வழக்கு ஜெயிச்சாப் போதும். ஆம்பளையா பொம்பளையான்னு பாக்க அவன் என்ன சம்பந்தம் பேசவா வாரான்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

பின்பு அக்கா முன்சீப் ஆனார். நம் பக்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். பொம்பளை ஜட்ஜைப் பார்க்க ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் டவாலிப் பெரியவர் பழக்கத்தில், "ஐயா வர்றாக, எந்திரிங்க" என்று குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாராம். "பரவாயில்ல, எந்திரிச்சாங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போனார். கடைசிவரை அந்தப் பெரியவருக்கு அக்கா "ஐயா"தான்.

என் கணவர் அப்போது மலேயாவில் இருந்தார். ஆகவே நான் அக்காவோடு இருந்தேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே உலை. சமையல் என்னுடையது. அக்காவுக்கு வெந்நீர்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி அந்தச் சூட வழக்கு.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு சிற்றூர். பஞ்சவர்ணம் அம்மாள் என்று ஒருவர். கணவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளை இல்லை. கணவரின் பெரியப்பா ஒருவர் மட்டும், மிகவும் வயதானவர், அவரோடு அந்த வீட்டில் இருந்தார். கிணற்றுக்கு மேற்கே ஒரு வயல் இருந்தது. அதுதான் அவர்கள் இருவருக்கும் சோறு. அந்த வயலில் கணவரின் பங்காளி ஒருவர் ஏர் பூட்டிவிட்டார். ஊரில் பெரிய மனிதர். கோவிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் அவருக்குத்தான். பெரியவீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். நான் பெயரை எழுதாதது பயத்தினால் அல்ல. அக்கா தீர்ப்பில் எழுதியிருக்கிறார், அது போதும்.

பெரியவீட்டுக்காரர் சொன்னது இது: நாங்கள் பாகம் பிரியாத குடும்பம், பையன் போய்விட்டான், நிலம் எனக்கு வரும். பஞ்சவர்ணம் அம்மாள் சொன்னது இது: என் மாமனார் காலத்திலேயே பிரித்தாகிவிட்டது, மேற்கு வயல் எங்கள் பாகம். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாய்ப் பேச்சில் பிரிந்த குடும்பம். ஆக, பிரிந்ததா, பிரியவில்லையா என்பது ஒன்றுதான் வழக்கு.

ஒரு வாய்தாவில் பெரியவீட்டுக்காரரே எழுந்து, "அந்தப் பொம்பளை நம்ம ஊருச் சிவன் கோவில்ல, பாகம் பிரிஞ்சதுன்னு சொல்லிச் சூடத்தை அணைக்கட்டுங்க. நான் நெலத்தை விட்டுர்றேன். அணைக்கலைன்னா அது விட்டுரணும்" என்றார். எதிராளியின் சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சி சொல்லி, மறு கட்சியும் சம்மதித்தால், கோர்ட்டே அதை நடத்திவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பஞ்சவர்ணம் அம்மாள் உடனே, "அணைக்கிறேங்க" என்றார். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்து, பார்த்து வந்து அறிக்கை கொடுக்க ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டார் அக்கா.

அந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு பலாப்பழம் வந்தது. யாரோ தோட்டத்துக்காரர் கொடுத்தனுப்பினார் என்று கொண்டுவந்த ஆள் சொன்னான். வீடே மணக்கிற பழம். நானும் அறிவுகெட்டவளாய் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துவிட்டேன். அக்கா வந்து, யார் கொடுத்தது, எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னேன், வழக்கு நடக்கிற அதே ஊர். அவ்வளவுதான். சுளை, கொட்டை, சக்கை, சடை எல்லாவற்றையும் கூடையில் அள்ளவைத்து, டவாலிப் பெரியவர் தலையில் ஏற்றி, பெரியவீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவரச் சொன்னார். "ரெண்டு சுளை தின்னுட்டேனே அக்கா" என்றேன். "அதையும் சீட்டுல எழுது" என்றார். எழுதினேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் அம்மாள் வீட்டிலிருந்த அந்தப் பெரியவர் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை சத்தியம். இடையில் ஐந்தே நாள். அந்த ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பாகம் பிரிவதை அங்கே உலை பிரிவது என்பார்கள். உலை பிரியாத குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் எல்லாருக்கும் பதினாறு நாள் தீட்டு, கோவில் படி மிதிக்கக் கூடாது. உலை பிரிந்த பங்காளிக்கு மூன்றே நாள். நாலாம் நாள் தலை முழுகிவிட்டுக் கோவிலுக்குப் போகலாம்.

பஞ்சவர்ணம் அம்மாளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் கோர்ட்டு சொன்ன நாளில் போகாவிட்டால் வழக்குப் போய்விடும் என்று பயந்து வந்தார். கோவில் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். "பதினாறு கழிச்சு வாரேங்க, தேதியைத் தள்ளி வைங்க" என்று கமிஷனரிடம் கெஞ்சியிருக்கிறார். உள்ளே பரிவட்டம் கட்டி நின்ற பெரியவீட்டுக்காரர், "கோர்ட்டு சொன்ன நாளு இதுதான்" என்றிருக்கிறார். அந்த அம்மாள் உச்சிவெயில் வரை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். சூடம் தட்டில் கொளுத்தப்படாமலே இருந்தது. சத்தியம் செய்யப்படவில்லை என்று கமிஷனர் ஒரே வரியில் அறிக்கை எழுதினார்.

அறிக்கை கோர்ட்டுக்கு வந்த அன்று, அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊரே வந்திருந்தது. அந்த அம்மாள் சத்தியத்துக்கு அஞ்சிப் பின்வாங்கிவிட்டார், வழக்கைத் தள்ள வேண்டும் என்று எதிர்க்கட்சி வக்கீல் முடித்தார். பஞ்சவர்ணம் அம்மாள் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தார். இன்னும் இரண்டு வார்த்தையில் அவர் சோறு போய்விடும் என்பது எனக்கே விளங்கியது.

அக்கா பெரியவீட்டுக்காரரைக் கூண்டில் ஏறச் சொன்னார். அப்போது நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளிக்கிழமை நீங்க எங்க நின்னீங்க?"

"சந்நிதியிலதாங்க. சாமிக்கு நேரா."

"இந்த அம்மாவை ஏன் உள்ள விடலை?"

"தீட்டுங்க. அவுக வீட்டுப் பெரியவரு ஞாயித்துக்கெழமதான் செத்தாரு. பதினாறு கழியலைல்ல."

"செத்தவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"பங்காளிங்க. பெரியப்பன் மொறை."

"அப்ப ஒங்களுக்குத் தீட்டு இல்லையா?"

கோர்ட்டில் இருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தீட்டோடு சந்நிதியில் நின்றார், தீட்டோடு பரிவட்டம் கட்டினார் என்று ஆகிவிட்டால் அவருக்கு அந்த ஊரில் என்ன மிஞ்சும்? மரியாதை போகும், கோவிலுக்குப் பரிகாரம் செய்ய வேண்டும், தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது. அவருக்கு நிலத்தைவிடப் பரிவட்டம் பெரிது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு என்னங்க தீட்டு? நாங்க எங்கப்பன் காலத்துலயே உலை பிரிஞ்சவுக. எங்களுக்கு மூணு நாளுதான். நாலாம் நாளே முழுகிட்டேன். ஊர்ல யாரை வேணாக் கேளுங்க."

"உலைன்னா சோறு மட்டுமா? நெலமும் சேத்தா?"

"எல்லாந்தாங்க. கெணத்துக்குக் கெழக்க எங்களுக்கு, மேக்க அவுகளுக்..."

அவருடைய வக்கீல் மேஜையில் தட்டினார். நேரம் கடந்துவிட்டது. பெரியவீட்டுக்காரர் வக்கீலைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து அதை அவருக்கே படித்துக் காட்டி, "நீங்க சொன்னது சரியா இருக்கா?" என்று கேட்டார். ஊர் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் என்ன சொல்வார்? "சரிங்க" என்றார்.

மேற்கு வயல் பஞ்சவர்ணம் அம்மாளுக்கு என்று தீர்ப்பானது. நான் சந்தோஷத்தில் தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டேன். அந்த அம்மாள் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணவில்லை.

"அப்ப நான் சூடம் அணைக்க வேணாமாங்க?" என்று கேட்டார்.

"வேணாம்மா. ஒங்களை யாரும் சந்தேகப்படலை."

"கோர்ட்டு படாதுங்க. ஊரு படும்."

பதினாறு கழிந்த மறுநாள் பஞ்சவர்ணம் அம்மாள் தலை முழுகி, கோவிலுக்குப் போய், கோர்ட்டும் கேட்காமல் எதிராளியும் கேட்காமல், ஊர் பார்க்கச் சூடத்தைக் கொளுத்தி அணைத்துவிட்டு வந்தார். செய்தி வந்தபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என் தீர்ப்பைவிட அது பெருசு" என்றார். தெய்வ பக்தி பாதி உண்மை என்று சொன்னேனே, அந்தப் பாதி இதுதான்.

அன்று சாப்பிடும்போது நான் கேட்டேன், "அவரை வேணும்னுதான் மாட்டிவிட்டியா அக்கா?" என்று.

"நான் தீட்டைத்தான் கேட்டேன். நெலத்தை அவராச் சொன்னாரு. ரசத்தை ஊத்து."

பிறகு சும்மா விட்டார்களா? பொம்பளை ஜட்ஜ் தீட்டைக் கோர்ட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார், கோவில் வழக்கத்தை அவமதித்துவிட்டார் என்று மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் மேல் மொட்டைக் கடிதம் போனது. அந்தக் கடிதங்களை எழுதியவர்களில் இரண்டு பேர் நம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். எனக்கு அந்தக் கையெழுத்து தெரியும், நான் நகல் குமாஸ்தாவின் மகள். எங்கள் பெரியப்பா ஒருவர் வந்து, "ஒரு வார்த்த வருத்தம்னு எழுதிக் குடுத்துரும்மா. பொட்டப்புள்ளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாது" என்றார். அக்கா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். விளக்கம் கேட்டவர்களுக்கு அவர் அனுப்பிய பதில் ஒரே வரி: "கேள்வியும் பதிலும் பதிவில் உள்ளன, படித்துக்கொள்ளவும்." அப்பீலில் தீர்ப்பு நின்றது. அக்காவின் பதவி உயர்வு மட்டும் நிற்காமல் தள்ளிக்கொண்டே போனது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் இருந்தது. எனக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது. வருத்தப்பட்டதில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

சப் ஜட்ஜ் ஆன மூன்றாவது வருடம் உடம்பு படுத்துவிட்டது. சிறுநீரகம் என்றார்கள். விடுப்பில் புதுக்கோட்டைக்கு வந்து என் வீட்டில் கிடந்தார். கை வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல் போனபோது, எழுதி முடிக்காமல் விட்டுவந்த ஒரு தீர்ப்பை நினைத்து நினைத்துக் குமைந்தார். அப்பாவின் நினைவு வந்து, வெந்நீரில் அவர் விரல்களை ஊறவைத்தேன். "அந்த வழக்கு வேற யார்கிட்டயாவது போயிருக்கும்ல? ஒழுங்காப் படிப்பானா?" என்று கேட்டார். கடைசி நாளிலும் அதே கேள்விதான். படிப்பார்கள் அக்கா என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். ராவுத்தர் வக்கீல் ஐயாவுக்கும், தந்தி கிடைத்ததும் சொந்த வீட்டுச் சாவாக ஓடிவந்த அவருடைய மக்களுக்கும் நன்றி. கண் தெரியாத வயதிலும் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஐயா போயிட்டாகளா" என்று அழுத டவாலிப் பெரியவருக்கு நன்றி. இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலிப் பெண்களுக்கும் நன்றி. மூன்று பஸ் மாறி வந்து, பதினாறாம் நாள்வரை என் அடுப்படியை விட்டு நகராத பஞ்சவர்ணம் அம்மாளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேற்கு வயல் நெல்லைத்தான் அந்தப் பதினாறு நாளும் பொங்கிப் போட்டார். மொட்டைக் கடிதம் எழுதிய இருவருக்கும் நன்றி. அக்காவின் கோபம் கடைசிவரை ஆறாமல் இருந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

இன்று நமக்குச் சம்பந்தி வீட்டாராகிவிட்ட பெரியவீட்டுக்காரர் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெரியவர் அன்று கூண்டில் சொன்னது உண்மை. ரோஷத்தில் சொன்னாலும் உண்மையைச் சொன்னார், படித்துக் காட்டியபோது மறுக்கவுமில்லை. அதை நீங்கள் வெட்கமாக நினைக்க வேண்டியதில்லை.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. அக்காவை எடுத்த நாலாம் நாள் காலையில் நீ வந்து என்னிடம் சொன்னாய்: "கட்டிக்குடுத்த தங்கச்சிக்கு மூணு நாள்தான் தீட்டு. முழுகிட்டு வெளக்கேத்துங்க அக்கா." நான் முழுகவில்லை, பதில் சொல்லவும் இல்லை. பதினாறு நாள் அல்ல, இந்த ஓராண்டும் நான் எந்தக் கோவில் படியையும் மிதிக்கவில்லை. ஊரில் அதற்கும் பேசினார்கள். பதில் இப்போது சொல்கிறேன். மூன்று நாள் உலை பிரிந்தவர்களுக்கு. நானும் அக்காவும் உலை பிரியவில்லை.

இன்றோடு ஆண்டு முடிகிறது. நாளைக் காலையில் தலை முழுகிவிட்டு, இந்த மலரை எடுத்துக்கொண்டு, குன்றாண்டார்கோவில் பக்கத்து அந்தச் சிவன் கோவிலுக்குப் போகிறேன். பஞ்சவர்ணம் அம்மாள் கூட வருகிறார். இதில் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை என்று சொல்லிச் சூடத்தை அணைப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. பொய் என்று நினைக்கிறவர்கள் வரலாம். அவர்களுக்கும் சேர்த்துச் சூடம் வாங்கி வைத்திருக்கிறேன்.